நாலு மூலையிலும் ஜெபித்த காணி

அன்புள்ள மகனுக்கு,

காரில் வைத்து நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லியாக வேண்டும் என்பது தெரியும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் குழம்பி, வேறு கதைக்குப் போய், கடைசியில் குளிரைப் பற்றிப் பேசி முடிப்பேன். அதனால் எழுதுகிறேன். எழுத்திலும் குழம்பாதிருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. நீ கேட்டது என்ன, அது எனக்கு ஏன் பாரமாக இருக்கிறது.
2. காணி தேடுகிறவன் கடவுளிடம் எதைக் கேட்கலாம்.
3. நாங்கள் பார்த்து வேண்டாம் என்று விட்ட காணிகள்.
4. லின்ட்சேக்கு அப்பால் உள்ள காணி: பனியில் கண்டதும், பனி கரைந்தபின் கண்டதும்.
5. அந்தக் காணியை ஏன் வாங்கக் கூடாது.
6. என் பதில்.

இந்த வரிசையை உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். “மகனுக்குக் கடிதம் எழுதுறியளோ, இல்லாட்டிச் சோதினைக்கு விடை எழுதுறியளோ?” என்று கேட்டு, தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். இரண்டுக்கும் எனக்கு ஒரே மாதிரித்தான் பயம்.

முதலாவது. அன்று காணி பார்த்துத் திரும்பி வரும் வழியில், அம்மாவும் மருமகள் ஹெப்சியும் பின் இருக்கையில் உறங்கியபிறகு, நீ தெருவைப் பார்த்தபடியே கேட்டாய்: “அப்பா, இந்தக் காணியை எடுக்கிறதோ விடுறதோ? நீங்கள் ஓம் எண்டால் வெள்ளிக்கிழமை சைன் பண்ணுறன். இல்லை எண்டால் ஏஜென்ட் ரமணனுக்குக் கோல் எடுத்து விட்டுடுறன். சத்தியமாய்க் கோவிக்கமாட்டன்.” நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஸ்ரௌவ்வில் ஊர் வரும்வரை துடைத்தேன். நாற்பதைத் தாண்டியவன் நீ. சொந்த வீடு இருக்கிறது, நல்ல உத்தியோகம் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போகிறேன், உள்ளி நடப்போகிறேன் என்று முடிவெடுக்கும் துணிவும் இருக்கிறது. நீ உள்ளி என்பாய், ஹெப்சி பூண்டு என்பாள். இரண்டு பேரும் ஒன்றைத்தான் கனவு காண்கிறீர்கள். அப்படிப்பட்டவனுக்கு என் அனுமதி தேவையில்லை. தேவையில்லாத ஒன்றை ஒரு மகன் தகப்பனிடம் கேட்பது பெரிய மரியாதை. மரியாதை எனக்கு எப்போதும் பயத்தைத்தான் தந்திருக்கிறது. அதோடு, இதுவும் சரிவராவிட்டால் தேடுவதையே நிறுத்திவிடப்போகிறாய் என்று ஹெப்சி எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே நான் ஒரு காணிக்கு மட்டும் பதில் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது, ஜெபம். இதில் உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. நீ சில வருடங்கள் ஆலயப் பக்கமே வரவில்லை. நானோ ஒரு ஞாயிறும் தவறாமல் அதே வாங்கில், அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன். ஆனால் நீ திரும்பி வந்தபிறகு ஜெபிப்பதைக் கேட்டபோது, நான் இத்தனை காலமும் எழுதிக்கொண்டிருந்தது ஒரு விண்ணப்பப் பத்திரம் என்றும், நீ ஆளோடு பேசுகிறாய் என்றும் தோன்றியது. காணி பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தியதும் நீ கண்ணைத் திறந்தபடியே ஜெபித்தாய். நான் கேட்டதற்கு, “நாலு-பூச்சியம்-ஒண்டு ஹைவேயிலை கார் ஓடிக்கொண்டு ஜெபிச்சுப் பழகிட்டுது அப்பா, கண்ணை மூடினால் எனக்கு வராது” என்றாய். உன் ஜெபம் எப்போதும் சின்னது. “ஆண்டவரே, இது எங்கட எண்டால் காட்டும். இல்லை எண்டால் கதவைச் சாத்தும். ஆமென்.” முதல் தடவை கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. கடவுளை இப்படி ஒரு மூலையில் நிறுத்திக் கேட்கலாமா என்றிருந்தது.

எனக்குத் தெரிந்த ஜெபங்கள் எல்லாம் ஏதாவது ஒன்று நடக்காமல் இருக்கவேண்டும் என்ற ஜெபங்கள். சோதனைச்சாவடியில் பெயர் கூப்பிடக் கூடாது. உனக்குக் காய்ச்சல் ஏறக் கூடாது. விசாவை மறுக்கக் கூடாது. இங்கே வந்து பெட்டி மடிக்கிற தொழிற்சாலையில் நின்ற காலத்தில், மல்வேர்னிலிருந்து போகிற விடியற்காலை பஸ் தவறக் கூடாது. அவற்றில் அநேகமானவை நடக்காமலே போயின, நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏதாவது ஒன்றைத் தாரும் என்று நான் கேட்டதாக நினைவில்லை. கேட்டாலும் கடைசியில் ‘உம்முடைய சித்தப்படி’ என்று சேர்த்துவிடுவேன். அது விசுவாசத்தில் சேர்த்ததா, கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் இருக்கச் சேர்த்ததா என்று இந்த வயதில் யோசிக்கிறேன். எனவே இந்த இரண்டாவதில் என் புத்திமதி இவ்வளவுதான்: கேட்கும்போது உன்னைப் போலக் கேள். பதில் வந்தபின் அதை என்னைப் போல இரண்டு தடவை வாசி.

மூன்றாவது, நாங்கள் விட்ட காணிகள். பிறம்ரனுக்கு அப்பால் முதலில் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். காணிக்கு மூன்று பக்கமும் லொறிகள். நாலாவது பக்கத்தில் ஒரு பண்டகசாலைக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா காரை விட்டே இறங்கவில்லை. “உது காணியில்லை தம்பி, உது லொறியளுக்கு நடுவிலை ஒரு பார்க்கிங்” என்றாள். பிறகு கிணற்றுத் தண்ணீர் அவித்த முட்டை மணம் மணத்த காணி. நான் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு இந்த மண்ணே பழுது என்று சொன்னேன். இந்தப் பக்கத்தில் அது சாதாரணம், ஒரு வடிகட்டி பூட்டினால் போதும் என்று பிறகு அறிந்தோம். அதற்குள் அது கைமாறிவிட்டது. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீர் என்று இரண்டே வகை தெரிந்த ஊரில் வளர்ந்த நாக்கு அது.

ஒவ்வொரு காணியிலிருந்தும் நான் ஒரு பிடி மண் கொண்டுவந்து, போத்தலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, சமையலறை யன்னலில் வைத்தேன். மணல் கீழே, வண்டல் நடுவே, களி மேலே என்று அடையும்வரை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். “இஞ்சாருங்கோ, என்ர ஊறுகாய்ப் போத்தல் எல்லாத்துக்குள்ளையும் ஒன்ராறியோதான் கிடக்குது” என்று அம்மா முறையிட்டாள். ரமணன் அதைக் கண்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ரமணனையும் சொல்ல வேண்டும். ஸ்ரௌவ்வில்லில் புது வீடுகள் விற்றுப் பெயரெடுத்த பிள்ளை. உனக்காகத்தான் பண்ணைக் காணி காட்ட வந்தான். வெள்ளைச் சப்பாத்தோடு வருவான். “அண்ணை, வீடு எண்டால் நான் கதவைத் திறந்து கிச்சினைக் காட்டுவன். இஞ்சை எதைத் திறக்கிறது?” என்று கேட்பான். நல்லவன். அவனைப் பற்றி இனிச் சொல்லப்போவதில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை; அவன் சொன்னதை நான் அவனைவிட அதிகமாக நம்பினேன்.

நாலாவது. இதைத்தான் கவனமாக எழுத வேண்டும்.

பெப்ரவரியில் போனோம். லின்ட்சேயைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து, பிறகு வேலிகளும் குறைந்து, ஒரு மேட்டில் சிவப்புக் களஞ்சியமும் அதன் பக்கத்தில் ஒரு வீடும் தெரிந்தன. காணிச் சொந்தக்காரி டோரத்தி. புருஷன் இறந்தபிறகு தனியாக இருந்தவர், மகளோடு போய் இருக்கப்போகிறார். வாசலில் நின்று கைகாட்டிவிட்டு, குளிர் என்று உள்ளே போய்விட்டார். நாங்கள் ஐந்து பேரும் களஞ்சியத்துக்குப் பின்னால் போய் நின்றோம். மேட்டிலிருந்து நிலம் மெல்ல இறங்கி, கீழே போய், ஒரு மாசும் இல்லாமல் விரிந்து கிடந்தது. நான் இந்த நாட்டில் இத்தனை பனிக்காலங்கள் இருந்திருக்கிறேன். பனி என்றால் எனக்கு வழிக்கவேண்டிய ஒன்று, உப்புப் போடவேண்டிய ஒன்று. யாரும் மிதிக்காத பனியை, அதுவும் கண்ணுக்கு எட்டியமட்டும், அன்றைக்குத்தான் கண்டேன். சத்தமே இல்லை. என் காதுக்குள் இரத்தம் ஓடுவது எனக்குக் கேட்டது.

“அங்கிள், உந்தக் கீழ்ப் பக்கத்தைப் பாருங்கோ, மேசை மாதிரி. ஒரு கல்லு இல்லை, ஒரு மரம் இல்லை. படத்திலையும் உது புல்லுத்தரைதான்” என்றான் ரமணன். வானத்திலிருந்து எடுத்த படத்தை நீயும் காட்டினாய். அங்கே வைக்கோல் வெட்டிய கோடுகள்கூடத் தெரிந்தன. மண் எடுக்க நான் கொண்டுபோன கரண்டி மேட்டு நிலத்திலேயே வளைந்துவிட்டது, நிலம் அப்படி உறைந்திருந்தது. கீழே தோண்டிப் பார்க்கவில்லை. காணி வாங்குமுன் நாலு மூலையிலும் நின்று ஜெபிப்பது எங்கள் குடும்ப வழக்கம் என்று அம்மா சொன்னாள். ஐம்பது ஏக்கரின் மூலைகளுக்கும் அந்தக் குளிரில் நடக்க முடியாது. அதனால் உழக்கூடிய நிலத்துக்கு மட்டும் என்று தீர்மானித்தோம். களஞ்சிய மூலையில் நீ ஜெபித்தாய். மேப்பிள் மரத்தடியில் ஹெப்சி. பிறகு கீழே இறங்கி, அந்தச் சமவெளியைக் குறுக்காகக் கடந்து மூன்றாவது மூலைக்கு நடந்தோம். வேலிக் கம்பங்களின் தலைகள் மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தன. பனி எவ்வளவு ஆழம் என்று வியந்தேன். ஆனால் எங்கள் காலோ கணுக்கால் மட்டும்தான் புதைந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாமல் நடந்தவன் நான்தான், மண் எடுக்கக் கரண்டியும் திசை பார்க்கக் காந்த ஊசியும் கொண்டுபோனவன்.

மூன்றாவது மூலையில் ஜெபிக்க வேண்டியது நான். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. அந்த வெளி என்னை அப்படிச் செய்துவிட்டது. முழங்காலில் நின்றேன், நீங்களும் நின்றீர்கள். ரமணன் கொஞ்சம் தள்ளி நின்று, “நான் சைவம் அங்கிள், ஆனா காணிக்கு எல்லாக் கடவுளும் வேணும்” என்று கைகூப்பினான். நான் ‘தகப்பனே’ என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் வருமுன், தூரத்தில் எங்கேயோ தொடங்கி, ஒரு நீண்ட கனத்த ஒலி எங்கள் முழங்கால்களுக்கு அடியால் ஓடிவந்து, எங்களைக் கடந்து, மறுபக்கத்துக்குப் போயிற்று. இடி மேலேதான் கேட்கும். இது கீழே கேட்டது. பிரமாண்டமான ஒரு கம்பியை யாரோ மீட்டிவிட்டதுபோல் நிலம் அதிர்ந்தது. “முருகா!” என்றான் ரமணன். “அத்தே, என்னதிது?” என்று ஹெப்சி அம்மாவின் கையைப் பிடித்தாள். நீ மட்டும் கண்ணைத் திறந்தபடி மெல்லச் சொன்னாய்: “காட்டிட்டார் அப்பா.” என் கன்னத்தில் கண்ணீர் உறைந்து இழுத்தது. எழும்பும்போது நீ என்னைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. நாலாவது மூலையில் அம்மா என்ன ஜெபித்தாள் என்று எனக்குக் கேட்கவே இல்லை.

அந்தக் கிழமையே விலை பேசி முடித்தாய். பனி கரைந்தபின் ஒருமுறை பார்ப்போம், பார்த்தபின்தான் உறுதி என்ற நிபந்தனையை ரமணன் போட்டு வைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அந்த நிபந்தனை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

ஏப்ரல் கடைசியில் போனோம். களஞ்சியத்துக்குப் பின்னால் வந்து நின்றோம். நாங்கள் முழங்காலில் நின்ற இடத்தில் வானம் கிடந்தது. மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. அது தண்ணீர் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. வேலிக் கம்பங்கள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வரிசையாகக் குளத்துக்குள் இறங்கிப் போயின. டோரத்தி மேலங்கியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். போன இலையுதிர்காலத்தில்தான், மரத்தைக் கடித்து வீழ்த்தி அணை கட்டுகிற பீவர் விலங்குகள் வந்து ஓடையை மறித்துக் கட்டினவாம். பனி விழுமுன் புல்வெளி முழுவதும் குளமாகிவிட்டதாம். வானத்துப் படம் அதற்கு முந்தியது. “நீங்கள் பார்த்தீர்கள் என்றுதான் நினைத்தேன்” என்றார் அவர் ஆங்கிலத்தில். “நேரே போய் அதன்மேல் முழங்காலில் நின்றீர்களே. சமையலறை யன்னலால் கண்டேன். தண்ணீரை ஆசீர்வதிப்பது உங்கள் சபையின் வழக்கமாக்கும் என்று தொந்தரவு செய்யவில்லை.”

உன் அம்மா, என் மருமகள், நான் பெற்ற ஒரே பிள்ளை, எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய் ஒரு குளத்தின் நடுவில் முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன். அந்த ஒலி குளத்துப் பனிக்கட்டி விரிசல் விடும் ஒலி. பெருங்குளிரில் அது சாதாரணம் என்றும் டோரத்தி சொன்னார். உன் முகம் வெளிறிவிட்டது. முதலில் சிரித்தது அம்மாதான். “வேதத்திலை தண்ணிமேலை நடந்த சீஷரே தாண்டு போச்சினம். இந்த மனிசன் நிண்டு ஜெபமும் முடிச்சுப்போட்டு வந்திருக்கு!” ஹெப்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். “மாமா, ரமணன் அண்ணன் முருகான்னு கூப்பிட்டாங்கல்ல, அதுலதான் தாங்கிச்சு!” நீ சிரிக்கவில்லை. நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

நான் அணைக்கட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். பயந்தவன் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. பழைய பழக்கமாக இருக்கலாம். ஊரில் நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்ததும், வன்னிக் குளங்களுக்குக் கட்டு வரைந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை என்னவென்று நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கட்டு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும், எவ்வளவு உயரம், எவ்வளவு சரிவு, மிஞ்சுகிற தண்ணீர் எந்தப் பக்கத்தால் வழியவேண்டும், இதையெல்லாம் ஒரு கூட்டம் பொறியியலாளர்கள் கணக்குப் பார்த்துத் தர, நான் கோடு கோடாக இழுப்பேன். டோரத்தி காட்டிய இடத்தில் தடியும் சேறும் கல்லுமாக ஒரு கட்டு, ஓடையின் வேகத்துக்கு எதிராக மெல்ல வளைந்து, கரையிலிருந்து கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து, கண்ணை அதன் உச்சிக்கு நேராக வைத்துப் பார்த்தேன். மட்டம், மகன். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மட்டம். மிஞ்சுகிற தண்ணீர் ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு ஓடாமல், கட்டின் முழு நீளத்துக்கும் மெல்லிய துணிபோல வழிந்துகொண்டிருந்தது. கோடு இழுக்க ஒருவரும் இல்லை. கணக்குப் பார்க்க ஒருவரும் இல்லை. நான் தொப்பியைக் கழற்றினேன். அதை நீ கண்டாயோ தெரியாது.

பிறகு பொழுது சாய, அந்தப் பறவைகள் வந்தன. நாரை என்று சொல்லலாம், ஆனால் நான் கண்ட எந்த நாரையிலும் பெரியவை. சாம்பல் உடம்பு, நெற்றியில் சிவப்பு. வருமுன்னே குரல் வந்தது, தொண்டைக்குள் மரம் உருளுவதுபோல. காலை நீட்டி, இறகை விரித்து, குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில் ஒவ்வொன்றாக இறங்கின. அவை இறங்கியதும் தவளைகள் ஒரு கணம் அடங்கி, பிறகு முந்தியதைவிடப் பலமாகத் தொடங்கின. பக்கத்தில் நின்ற அம்மா ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. இந்தப் பூமி இப்படித் தன்பாட்டில் நிரம்பிக்கொண்டிருப்பதை, யாரும் கேட்காமலே, யாருக்கும் சொல்லாமலே, நான் அதற்குமுன் கண்டதில்லை. கண்டிருக்கலாம், நின்று பார்க்கவில்லை. நீ இரண்டு தடவை ஹோர்ன் அடித்தாய். காரில் கடைசியாக ஏறியவன் நான்.

ஐந்தாவது. அந்தக் காணியை ஏன் வாங்கக் கூடாது. வாங்கும் நிலத்தில் நல்ல பகுதியெல்லாம் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. எஞ்சியது மேடு, அதில் உள்ளி வரும், ஆனால் நீ நினைத்த அளவுக்கு வராது. ஈரத்தில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். பீவர் இன்னும் உயர்த்திக் கட்டினால் தண்ணீர் மேட்டுக்கும் ஏறும். கோடையில் நுளம்புக் கடி. இவை உலகக் காரணங்கள். மற்றது, இதுதான் எனக்குப் பெரிது: நீ கடவுளிடம் காட்டும் என்று கேட்டாய், இல்லையென்றால் கதவைச் சாத்தும் என்று கேட்டாய். நாலு மூலையில் நின்று கேட்டோம். நிலம் என்று நாங்கள் நம்பிய இடம் நிலமே இல்லை என்று அவர் காட்டிவிட்டார். இதைவிடத் தெளிவாக ஒரு கதவு சாத்தப்பட முடியாது. தண்ணீர் நிற்கும் காணி வேண்டாம்.

ஆறாவது, என் பதில். ‘ஆகவே, மகன், விட்டுவிடு’ என்று எழுதுவதற்காகத் தாளை நகர்த்தினேன். வழக்கம்போல, எழுதியதை முதலிலிருந்து வாசித்தேன். நாலாவதை எழுதிய ஆளும் ஐந்தாவதை எழுதிய ஆளும் ஒரே ஆளாகத் தெரியவில்லை. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் வாசித்தேன். அப்போதும் அப்படித்தான் இருந்தது.

நான் திணைக்களத்தில் இருந்த காலமெல்லாம் வன்னிச் சனம் கந்தோர் வாசலில் வந்து நின்று கேட்டது ஒன்றைத்தான். மழை பெய்யுது, எல்லாம் கடலுக்கு ஓடுது, எங்கையாவது ஓரிடத்திலை மறிச்சுத் தாங்கோ ஐயா. அதற்காக மனுக் கொடுத்தார்கள், அதற்காக வருடக்கணக்காக நடந்தார்கள், குளம் கிடைத்த ஊர் திருவிழாக் கொண்டாடியது. தண்ணீர் நிற்கிற காணி எங்களுக்கு வேண்டாம் என்று ஒருவராவது வந்து சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீரை நிற்கவைப்பதற்காகச் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டவன் நான். உன்னை வளர்த்த சோறு அது. அப்படிப்பட்டவன், உன் காணியில் ஒரு குளம் தானாக வந்து நின்றபோது, அதைப் பழுது என்று எழுதியிருக்கிறேன். ஆடு மேட்டில் நிற்கும். உள்ளிக்கு இறைக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. பீவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று டோரத்தியைக் கேட்டு அறியலாம். இவை எல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்; கட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபோதே தெரியும்.

சாத்திய கதவு என்று நான் எழுதியதையும் இன்னொரு தடவை யோசித்தேன். அந்தப் பெப்ரவரி நாளில் எங்களுக்கு அடியில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே நடந்தோம், தெரியாமலே முழங்காலில் நின்றோம், ஐந்து பேரையும் அது தாங்கிற்று. இதை யாராவது எனக்குச் சாட்சியாகச் சொல்லியிருந்தால், ஆலயத்தில் எழும்பி நின்று ஆமென் சொல்லியிருப்பேன். எனக்கே நடந்தபோது, கடவுள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுகமான பதில்; அதை அவர் வாயில் வைத்துவிட்டேன்.

எனவே, ஓம். வெள்ளிக்கிழமை சைன் பண்ணு. நான் இதிலும் பிழைவிட்டிருக்கலாம்; அப்படியென்றால் அந்தப் பிழையில் நானும் உன் பக்கத்தில் நிற்பேன். ஐந்தாவதை வெட்டிவிட்டு வேறு தாளில் திருத்தி எழுதலாம் என்று பார்த்தேன். வெட்டவில்லை. உன் தகப்பன் எவ்வளவு ஒழுங்காக, எத்தனை நல்ல காரணங்களோடு பிழைவிடக்கூடியவன் என்பது உன் கையில் எழுத்தில் இருக்கட்டும். ஐந்தாவதாக நான் எழுதியது பிழை.